ஒரகடத்தில் எனக்கோர் அண்ணன் மகள்

சென்னையில் பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவைத்தேன், ஸ்ரீபெரும்புதூர் வந்தால் எழுப்பிவிடுங்கள் என்று. அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சரி, பார்க்கலாம், ஆளை விடு என்று பல பொருள் உண்டென்பதை அடுத்த நான்கு நாளில் கற்றுக்கொண்டேன். கண் விழித்தபோது பஸ் சுங்குவார்சத்திரத்தில் நின்றுகொண்டிருந்தது. "இன்னாம்மா, தொண்ட கிழிய கத்தினேன், நல்லா தூங்கிக்கினு வந்த" என்று என்னையே கோபித்துக்கொண்டு விசில் ஊதினார். பெட்டியும் நானும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம்.

நான் மலேசியாக்காரி. பெயர் மல்லிகா. பேராக் மாநிலத்தில் ஒரு சிறு பட்டணத்து நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா இருக்க முடியாமல் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். வேலை வாங்கித் தருகிறோம் என்று ஏமாற்றிக் கடத்தி வரப்படுகிறவர்களுக்கு உதவும் சங்கம் அது. ஒரு மேல்நாட்டு அரசாங்கம் அதற்கு மானியம் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு, எங்கள் பக்கமிருந்து திருப்பி அனுப்பப்படும் பெண்கள் தங்குவதற்காக ஒரகடத்துக்கு அருகே ஜெயக்கொடி என்ற அம்மாள் நடத்தும் ஒரு வீட்டுக்குப் போகிறது.

மானியத்தை நீட்டிக்க வேண்டுமானால் யாராவது நேரில் போய் ஒரு படிவத்தை நிரப்பி வர வேண்டும். "கடத்தலிலிருந்து மீட்கப்பட்டவர்கள்" என்று தலைப்பில் தடித்த எழுத்து. அதன் கீழே பெயர், சொந்த ஊர், புகைப்படம், கையெழுத்து. படிவம் நிரம்பினால் வீடு நடக்கும். நிரம்பாவிட்டால் பூட்டுதான். விமான டிக்கெட்டோடு அந்தக் காகிதத்தையும் என் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நான் சட்டென்று ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. செல்வி. சாயல்குடிப் பக்கத்துப் பெண், அப்பா அம்மா இல்லாதவள். எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை என்று அழைத்து வந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவ வைத்துப் பூட்டியிருந்தார்கள். தப்பி ஓடி வந்தவளை, பெர்மிட் இல்லை என்று கூண்டில் ஏற்றியது அந்தக் காலத்துச் சட்டம். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று நான்தான் அவளிடம் தமிழில் கேட்டேன். "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு நின்றேன். என் வேலை அவ்வளவுதான். பிறகு எங்கள் சங்கம் அவளை அந்த ஒரகடத்து வீட்டுக்கு அனுப்பியது. அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதுதான் நிஜம்.

அன்று மாலை சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன லாட்ஜில் அறை எடுத்தேன். கீழே பரோட்டா கடை. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். இங்கே அதைப் பிய்த்துப் போட்டு, குளமாகச் சால்னா ஊற்றுகிறார்கள். கழுத்தில் அட்டை தொங்க, மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சுமாகப் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். செல்போன் செய்கிற ஆலை புதிதாக வந்திருந்த நேரம். நான் இளம்பெண்ணாக இருந்தபோது பினாங்கில் இதே வயதுப் பெண்கள் இதே மாதிரி ஆலை பஸ்ஸுக்கு நின்றது நினைவுக்கு வந்தது. "ஏ, நாளைக்கு ஓவர்டைம் உண்டாம்டி" என்றாள் ஒருத்தி. "எனக்கு ஒறக்கம்தான் வேணும்" என்றாள் இன்னொருத்தி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். பரிமாறியவரிடம் பழக்க தோஷத்தில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் நாட்டில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அவர் ஒரு கணம் யோசித்து, "நாஸ்டாவா? நாங்கல்லாம் பதினோரு மணிக்கு மேலதாம்மா" என்றார். சாப்பிட்டதும் ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எங்கள் ஊரில் நான்கு பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பேர் இருந்தோம். டிரைவர் தன் இருக்கையில் பாதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அரை உடம்பு வெளியே தொங்க ஓட்டினார். வல்லம் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர்.

எல்லாரும் இறங்கி வேலிக்கருவை நிழலில் நின்றோம். அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். புதுத் தோட்டத்துக்குப் போனால், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம், அவர்களை எப்படித் தெரியும் என்று கண்ணில் பட்ட நாலு பேரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போகிறவளைத்தான் சந்தேகப்படுவார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஜெயக்கொடி அம்மா வீட்டுக்குப் போகிறேன், செல்வியைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன்.

"நம்ம செல்வியா? உனுக்கு எப்டிம்மா பழக்கம்?"

"மலேசியாவில் இருந்தாள் இல்லையா, அப்போது பழக்கம். நாங்கள்தான் அவளை அனுப்பிவைத்தோம்" என்றேன், பெருமையாக.

பூக்கார அம்மாள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "அப்டியா சேதி" என்றார். நல்ல மனுஷி, இறங்கும்போது எனக்கு ஒரு முழம் கதம்பம் கொடுத்தார்.

ஜெயக்கொடி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுறை தலைமுறையாக அங்கே நெல் விளைவித்த குடும்பம். நிலம் ஆலைகளுக்குப் போனபின், வீட்டின் பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டியிருந்தார். வாசலில் நின்று, செல்வி இருக்கிறாளா என்று கேட்டேன். "அப்டி யாரும் இங்க இல்லியே" என்று முகம் மாறாமல் சொன்னார். சங்கத்தின் கடிதத்தைக் காட்டினேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"வழியில யார்கிட்டனா சொன்னீங்களா?"

பூக்கார அம்மாளைப் பற்றிச் சொன்னேன். ஜெயக்கொடி அம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் அந்த வீடு நடக்கும் விதம் எனக்குப் புரிந்தது. துணையில்லாமல் வரும் பெண்ணைப் பற்றிக் கிராமம் நாலு கேள்வி கேட்கும். எனவே அங்கே வரும் ஒவ்வொரு பெண்ணும் ஜெயக்கொடி அம்மாளுக்கு அண்ணன் மகள். சாயல்குடிப் பெண்ணும் அண்ணன் மகள், தர்மபுரிப் பெண்ணும் அண்ணன் மகள். "உங்க அண்ணன் இன்னா லாரி டிரைவரா, ஜில்லாவுக்கு ஒரு குடும்பம் வச்சிக்கினு இருந்தாரு?" என்று ஊரார் கிண்டல் செய்வார்களாம். கிண்டலோடு சரி, அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை. வீட்டு வாசலில் பலகை கிடையாது. பெண்கள் பெயரைத் தாங்கிய நோட்டு ஒன்றுகூடக் கிடையாது.

"ஒரு தபா பேப்பர்ல பேரு ஏறிச்சின்னா அவ்ளோதாம்மா" என்றார் ஜெயக்கொடி அம்மாள். "மீட்கப்பட்டவள்னு நீங்க எழுதுவீங்க. ஊரு அத வேற மாதிரி படிக்கும்."

செல்வி அந்த வீட்டிலிருந்தே செல்போன் ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவர் ஏழுமலைக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் முருகன் கோயிலில் பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு. ஏழுமலையின் அம்மா கன்னியம்மாவுக்குச் செல்வி மலேசியா போன கதை தெரியாது. அந்தப் பூக்காரி கன்னியம்மாவுக்கு எதிர்வீடு.

இருபத்தாறு வருடம் மற்றவர்கள் பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவள் நான். சொந்தமாக வாயைத் திறந்த முதல் நாளே ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு உலை வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் ஜெயக்கொடி அம்மாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். அபார மணம். எனக்கு இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

செல்வி மாலையில் ஷிப்ட் முடிந்து வந்தாள். கூண்டில் நான் பார்த்தபோது கன்னத்து எலும்புகள்தான் தெரிந்தன. இப்போது சதை பிடித்து, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் ஆலை அட்டையுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, "கோர்ட்டம்மா!" என்று வந்து கட்டிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். செய்த காரியத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "விடுங்கம்மா. அவருக்கு எல்லாம் தெரியும், நானே சொல்லிட்டேன். அவுக ஆத்தாவுக்குத்தான் இன்னும் சொல்லல" என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே கன்னியம்மா வந்துவிட்டார். மெலிந்த, கறுத்த, விறைப்பான உடம்பு. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நேராக என் எதிரே வந்து நின்றார்.

"நீதான் மலேசியாக்காரியா? எங்க செல்வி அங்க வந்தாள்னு சொல்லிக்கினு திரியறியாமே. எப்போ வந்தா, எதுக்கு வந்தா?"

ஜெயக்கொடி அம்மாள் முந்திக்கொண்டார். "இவங்க வேற யாருமில்ல கன்னியம்மா. என் தங்கச்சி மல்லிகா. சின்ன வயசுலயே மலேசியாவுல கட்டிக்குடுத்தது. புள்ள பெத்தவ தனியா கஷ்டப்படுறாளேன்னு செல்விய ரெண்டு மாசம் தொணைக்கு அனுப்பினோம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு பிழைத்தவள் நான். "ஆமாம் லா" என்றேன், எங்கள் நாட்டுப் பேச்சு வாலும் சேர்ந்துகொள்ள. "நான் அவளுக்கு அத்தை."

கன்னியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். "புள்ளைக்கு இப்போ இன்னா வயசு?"

"மூணு" என்றேன்.

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கன்னியம்மா வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நல்லதாப்போச்சு. அப்பன் ஆயி இல்லாத பொண்ணு. பூ வைக்க அத்தைக்காரிங்க ரெண்டு பேரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெயக்கொடி அம்மாள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். "ஐம்பத்தேழு வயசுல மூணு வயசுப் புள்ளையா? பேரப்புள்ளைன்னாவது சொல்லக் கூடாதா!" நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. அது என் கைப்பையில் வெற்றுத் தாளாகவே கிடந்தது. அந்த வீட்டில் செல்வியோடு ஏழு பெண்கள். ஒருத்தி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. யார் கதவைத் தட்டினாலும் அவள் போய்க் குளியலறையில் ஒளிந்துகொள்கிறாள்.

மத்தியானம் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தே" என்றாள். அதற்குள் பழகிவிட்டாள். "அந்தத் தாள்ல ஒரு பேராச்சும் இருந்தா வீடு நிக்குமா?"

ஒரு பெயரும் படமும் இருந்தால் மற்றதற்கு வாதாடிப் பார்க்கலாம் என்றேன்.

"அப்ப எம்பேர எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். எனக்கு இங்கிட்டு ஒரு வீடு இருந்துச்சு, வந்து சேர்ந்தேன். அந்தக் குளியலறைப் பிள்ளைக்கு வேற எங்க இருக்கு?"

"உன் கல்யாணம்?"

"தாள் வெளிநாட்டுக்குத்தானே போகுது. யாரு பாக்கப் போறா?" என்றாள். சொன்னாளே தவிர, அவள் விரல்கள் கழுத்து அட்டையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தன. தாள்கள் எங்கெல்லாம் போகும் என்பது நீதிமன்றத்தில் இருந்தவளுக்குத் தெரியும். நகல் எடுப்பார்கள். சரிபார்க்க இந்த ஊர் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். யாராவது ஒரு பியூன் வீட்டுக்கு வந்து உரக்க விசாரிப்பான். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஏழுமலையின் வேனிலேயே எல்லாரும் குன்றத்தூர் போனோம். கம்பெனி பெயர் ஒட்டிய கண்ணாடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். ஏழுமலை கூச்ச சுபாவம். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் இறங்கும்போது மட்டும் தாழ்ந்த குரலில், "ரொம்ப தேங்க்ஸ்மா, அவள அனுப்பி வச்சதுக்கு" என்றான். எங்கள் நாட்டுப் பத்துமலைப் படிகளை எத்தனையோ தைப்பூசத்துக்கு ஏறியவள் என்ற திமிரில் நான் வேகமாகப் படியேறினேன். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் முன்னே போக, கன்னியம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் பையில ஒரு ஃபாரம் கீதே, அத எடு" என்றார்.

பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"முழிக்காத. உன்ன மாதிரி ஆளுங்க ஃபாரம் இல்லாம வர மாட்டாங்க. நீ அத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெயக்கொடி வூட்டுக்கு வர்ற பொண்ணுங்க எப்டி வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? செல்வி கதையும் தெரியும். மூணு மாசம் முன்னாடியே எம்புள்ள சொல்லிட்டான். அவளா எப்போ சொல்லுவான்னு பாத்துக்கினு கீறேன்."

"பிறகு ஏன் நேற்று வந்து..."

"நீ ஊர் பூரா சொல்லிக்கினு வந்தியே. நான் வந்து கேக்கலன்னா பூக்காரி வுடுவாளா? இன்னா பதில் குடுக்கறீங்கன்னு பாத்தேன். மூணு வயசுப் புள்ளன்னு சொன்ன பாரு!" கன்னியம்மா முதல் முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் பொறந்து வளந்ததே அரிசி மில்லுலம்மா. எங்கப்பன் வாங்கின கடனுக்கு நாங்க மொத்தப் பேரும் அங்கயே அடைப்பு. எனக்குப் பன்னெண்டு வயசுல ஆபீசருங்க வந்து எங்கள வெளிய வுட்டாங்க. நல்ல மனுஷங்கதான். ஆனா ஊர்ல இட்டாந்து நிக்கவச்சி, லிஸ்ட்ட சத்தமா படிச்சாங்க. அஞ்சாவது பேரு எம்பேரு. எனக்குக் கல்யாணம் ஆயி, புள்ள பொறந்து, இன்னிக்கு அவன் கம்பெனி வேன் ஓட்டறான். தெருக்குழாயில சண்ட வந்தா இன்னும் எவளாவது அந்த லிஸ்ட்டத்தான் படிக்கறா."

கீழே ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கன்னியம்மா கையை நீட்டினார். "எம்மருமவ பேரு அதுல கீதா? எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படிச்சிச் சொல்லு."

நான் படிவத்தை எடுத்து விரித்தேன். தலைப்பைத் தமிழில் சொன்னேன். பெயர் என்றேன், காலி. ஊர், காலி. படம், காலி. கையெழுத்து, காலி. வரிசையாக ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினேன். என் வாழ்நாளில் அத்தனை கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

"அப்டியே இருக்கட்டும்" என்று எழுந்துகொண்டார் கன்னியம்மா. "வா, பூ வைக்க நேரமாச்சு. அத்தைன்னு சொல்லிட்ட, இனிமே மாத்த முடியாது."

சந்நிதிக்கு வெளியே மண்டபத்தில் செல்வியை உட்காரவைத்துப் பூ வைத்தோம். முதலில் கன்னியம்மா, பிறகு ஜெயக்கொடி அம்மாள், பிறகு நான். நான் செருகிய கொண்டை ஊசி அவள் தலையில் குத்திவிட்டது. "ஸ்ஸ்... மெல்ல, அத்தே" என்றாள் செல்வி. கன்னியம்மா அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. செல்வி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையில் புரிந்தது. ஏழுமலை தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

திரும்பும் விமானத்தில் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். பெயர்களுக்கான கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பின்பக்கத்தில் எழுதினேன்: "ஏழு பெண்களைக் கண்டேன். அவர்களோடு நான்கு வேளை சாப்பிட்டேன். பெயர் தருவது அவர்களுக்கு ஆபத்து. பெயர் கேட்காத வீடு என்பதால்தான் அந்த வீடு அவர்களைக் காப்பாற்றுகிறது. இதற்கு நானே சாட்சி." அடியில் என் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து. புகைப்படக் கட்டத்தில் என் படத்தையே ஒட்டினேன். சங்கத் தலைவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் அதை அப்படியே அனுப்பினார்.

கடிதங்கள் போயின, வந்தன. நான் கோபமாக எழுதியவற்றை அவர் தணித்துத் தணித்து அனுப்பினார். கடைசியில், பெயருக்குப் பதில் எண்கள் போதும் என்று சம்மதித்து, ஒரு வருடத்துக்கு மட்டும் மானியத்தை நீட்டினார்கள். அதற்கு அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. குளியலறைப் பெண் இப்போது கதவைத் திறக்க வருகிறாள் என்று ஜெயக்கொடி அம்மாள் போனில் சொன்னார்.

அதே மாதம் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். மணமகள் செல்வி, மணமகன் ஏழுமலை. கீழே "அத்தைமார்" என்று போட்டு இரண்டே பெயர்கள்: ஜெயக்கொடி, ஒரகடம்; மல்லிகா, மலேசியா. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன்.

பக்கத்து வீட்டுச் சீன மாது பலகாரம் கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

"என் அண்ணன் மகளுக்கு" என்றேன்.

எனக்கு அண்ணன் கிடையாது. முப்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கும் அவளுக்கும் அது தெரியும். பத்திரிகையை இன்னொரு முறை பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு, "அத்தை என்ன சேலை கட்டப் போகிறாய்?" என்று கேட்டாள்.